பிள்ளை யாரிடம் வளரும்? நீலகிரிப் பெற்றோருக்கு ஒரு குடும்ப நீதிமன்ற வழிகாட்டி

கணவனும் மனைவியும் பிரிந்த பிறகு, பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில் பேச்சு முறிந்து விஷயம் கோர்ட்டுக்கு வந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும், எந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை நீலகிரியில் இருக்கும் பெற்றோரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று எங்கே இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். ஆனால் மலைப் பாதை, மழை, மண்சரிவு, சிக்னல் இல்லாத எஸ்டேட் லைன் (தொழிலாளர் குடியிருப்பு) என்று நமக்கே உரிய சிரமங்கள் இருக்கின்றன. அவற்றை மனுவில் எழுதாவிட்டால் நீதிபதிக்குத் தெரிய வழியில்லை.

கொடைக்கானல் பக்கத்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். திண்டுக்கல் மாவட்டம் என்பதால் அவர்களுடைய மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். நீலகிரிக்குச் சென்னைதான்.

கோர்ட் எதைப் பார்க்கிறது

வீட்டில் நடந்த சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கோர்ட் தீர்ப்புச் சொல்லும், நியாயம் உள்ளவரிடம் பிள்ளையைக் கொடுக்கும் என்றுதான் பலரும் நினைத்து வருகிறார்கள். பிள்ளை வழக்கு அப்படி நடப்பதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 13ஆம் பிரிவு பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அந்த நலனை வைத்துத்தான் முடிவெடுக்கச் சொல்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973லேயே சொல்லிவிட்டது. மாமியார் என்ன பேசினார், நகையை யார் எடுத்தார் என்பதற்கெல்லாம் இங்கே மதிப்புக் குறைவு. பிள்ளையின் ஒரு சாதாரண நாள் எப்படி விடிந்து எப்படி முடிகிறது, அதை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதற்குத்தான் மதிப்பு. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்துச் சட்டப்படி ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். 'சாதாரணமாக' என்று சொல்லியிருப்பதால், தாயிடம் இருப்பது பிள்ளைக்குக் கேடு என்று காட்டினால் இது மாறலாம். ஐந்து முடிந்த மறுநாளே அப்பாவுக்குப் போய்விடும் என்ற பேச்சில் உண்மை இல்லை. சட்டம் தந்தையை இயற்கைப் பாதுகாவலர் என்று முதலில் குறிப்பிடுகிறது. ஆனாலும், தந்தை உயிரோடு இருந்தும் பிள்ளையைக் கவனிக்காமல் ஒதுங்கியிருந்தால் தாய் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை பறித்துத் தினக்கூலி வாங்கும் அம்மா, திருப்பூரில் நல்ல சம்பளம் வாங்கும் அப்பாவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. வருமானம் கூடுதலாக இருப்பதாலேயே பிள்ளை அங்கே போய்விடாது. கூடுதல் வருமானம் உள்ளவரைப் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கட்டச் சொல்லக் கோர்ட்டுக்கு வழி இருக்கிறது.

கோர்ட்டுக்கு முன்னால்: ஸ்டேஷனும் ஊர்க்கூட்டமும்

நம் ஊரில் பெரும்பாலான தகராறு முதலில் போய் நிற்பது அனைத்து மகளிர் காவல் நிலையத்தில். அடி உதை இருந்தால் கட்டாயம் போக வேண்டிய இடம் அதுதான். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண்களும் இருக்கின்றன. ஆனால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது. "சனி ஞாயிறு அப்பாவிடம் அனுப்புகிறேன்" என்று அங்கே எழுதி வாங்கும் காகிதம் கோர்ட் உத்தரவு ஆகாது. பிறகு அது உங்களுக்கு எதிராகச் சான்றாக வரலாம் என்பதால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படுகர் ஊர்களான ஹட்டிகளில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதும், எஸ்டேட்டில் சங்கத் தலைவர்கள் பேசி வைப்பதும் நல்லதுதான். இரு வீட்டையும் அறிந்தவர்கள் பேசும்போது சில நேரம் கோர்ட் வரை வராமலேயே முடிந்துவிடும். அப்படி முடிந்தால் அதை எழுதி, கோர்ட்டில் கூட்டு மனுவாகத் தாக்கல் செய்து உத்தரவாக வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு ஒரு பள்ளி விடுமுறையைக்கூடத் தாண்டாமல் போவது உண்டு.

வன்முறை நடக்கும் வீடு என்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டே பிள்ளையின் தற்காலிகக் கஸ்டடியை, அதாவது பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமையை, தரலாம். எதிர்த் தரப்பு பிள்ளையைச் சந்திப்பது பிள்ளைக்கு ஆபத்து என்று கருதினால் அந்தச் சந்திப்பையும் மறுக்கலாம்.

எந்தச் சட்டம், எந்தக் கோர்ட்

இந்துக்களுக்குள் விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழ் அதே வழக்கில் பிள்ளைக்காக மனுப் போடலாம். பிள்ளையின் பராமரிப்பு, படிப்புச் செலவு பற்றிய மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்திலும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. விவாகரத்து வழக்கே இல்லை, பிள்ளை மட்டும்தான் பிரச்சினை என்றால் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தனி மனு. வக்கீல்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். இது எல்லா மதத்தாருக்கும் பொது. முஸ்லிம் பெற்றோர் வருவதும் இதன் வழியாகத்தான், அவர்களுடைய தனிச் சட்டத்தையும் கோர்ட் சேர்த்துப் பார்க்கும்.

நீலகிரியில் பல வக்கீல் குமாஸ்தாக்களே தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பட்டியல் பழங்குடியினர். மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை இந்து திருமணச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இளவர் சட்டமும் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டங்களே சொல்கின்றன. இவர்களுக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டமும் அவரவர் வழக்காறும்தான். மனுவில் சட்டப்பிரிவு தவறாகப் போட்டால் எதிர்த் தரப்பு அதையே பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இழுக்கும். முதல் நாளே வக்கீலிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது இடம். குடும்ப நீதிமன்றம் அமைக்கப்பட்ட பகுதியில் அதிலும், அமையாத பகுதியில் மாவட்ட நீதிமன்றத்திலும் பாதுகாவலர் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். எந்த ஊர் கோர்ட் என்பதற்கு 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பதில் சொல்கிறது: பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர். திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு, இப்போது கோத்தகிரியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்து, மாதங்கள் ஓடிவிட்டன என்றால் நீலகிரியில் மனுப் போட வலுவான காரணம் இருக்கிறது. போன வாரம்தான் தூக்கிக்கொண்டு வந்தார் என்றால் எதிர்த் தரப்பு நிச்சயம் ஆட்சேபிக்கும். ஊட்டி, கொடைக்கானல் விடுதிப் பள்ளிகளில் படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகளின் விஷயமும் இப்படித்தான். விடுதியில் படுத்து எழுவதால் மட்டும் இந்த ஊர் கோர்ட்டுக்கு அதிகாரம் வந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

வழக்கு ஏற்கெனவே திருப்பூரிலோ சென்னையிலோ போடப்பட்டு, கைக்குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிறங்க முடியவில்லை என்றால், உயர் நீதிமன்றத்தில் மாற்றல் மனுப் போடலாம். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் வயநாட்டிலும் மைசூரிலும் சம்பந்தம் செய்வது சகஜம். வழக்கு வேற்று மாநிலத்தில் இருந்தால் மாற்றல் கேட்க வேண்டியது உச்ச நீதிமன்றத்தில்.

வக்கீல், இலவச சட்ட உதவி

பெண்கள், பிள்ளைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தரும் உரிமை இது. ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவசம் என்றால் ஒப்புக்குத்தான் பார்ப்பார்கள் என்று தயங்குபவர்கள் அதிகம். அந்தத் தயக்கத்தில் தாலியை அடகு வைக்காதீர்கள். முதலில் போய்க் கேளுங்கள், திருப்தி இல்லையென்றால் வக்கீலை மாற்றித் தரச் சொல்லி அதே ஆணைக்குழுவிடம் எழுதிக் கொடுங்கள்.

மனுவும் காகிதங்களும்

பிறப்புச் சான்று, திருமணச் சான்று அல்லது பத்திரிகையும் போட்டோவும், பள்ளியின் போனஃபைட் (அங்கே படிப்பதற்கான சான்று), மதிப்பெண் அட்டை, தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பள்ளிக்கட்டணம் யார் கட்டினார் என்று காட்டும் ரசீது அல்லது ஜிபே விவரம். இவ்வளவையும் ஒரு ஃபைலில் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தி, ஆடியோ போன்றவற்றைக் கொடுப்பதானால் அசல் போனை மாற்றாமல் வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் கீழ் மின்னணுச் சான்றுகளுக்குத் தரும் 63ஆம் பிரிவுச் சான்றிதழையும் வக்கீலைக் கேட்டு இணைத்துவிடுவது நல்லது.

மனுவின் உள்ளடக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வழக்கு உருப்பெறுவது அங்கேதான். "எதிர்மனுதாரர் பொறுப்பற்றவர், குடிகாரர், பிள்ளை மீது பாசம் இல்லாதவர்" என்ற வரி எல்லா மனுவிலும் இருக்கிறது. அதைப் படித்து யாரும் அசைவதில்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"பையன் நான்காம் வகுப்புப் படிக்கிறான். வீசிங் தொந்தரவு உள்ளவன், பனிக்காலத்தில் அதிகமாகும். காலை ஆறரைக்கு எழுப்பி வெந்நீரில் குளிப்பாட்டி, இன்ஹேலர் கொடுத்து, ஏழே முக்கால் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நான் ஃபேக்டரியிலிருந்து ஐந்தரைக்குத்தான் வருவேன் என்பதால் நாலு மணிக்கு என் தாயார் ஸ்டாப்பிங்கில் நின்று அழைத்து வருகிறார். வீட்டுப்பாடத்தை நான் பார்க்கிறேன். கடந்த இரண்டு வருடமாக ஒரே டாக்டரிடம் காட்டுகிறோம், சீட்டுகள் இணைத்துள்ளேன்."

இதில் யாரையும் திட்டவில்லை. ஆனால் பிள்ளையை இந்த இடத்திலிருந்து பிடுங்கினால் என்னவெல்லாம் அறுபடும் என்பது நீதிபதிக்குப் புரிந்துவிடும். குடிப்பழக்கம் உண்மை என்றால் அதையும் இதே மாதிரி தேதி, இடம், பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். உண்மை இல்லாததை ஒருபோதும் எழுதாதீர்கள். குறிப்பாக, பிள்ளையிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தார் என்ற பொய்ப் புகாரைச் சிலர் ஆயுதமாக எடுக்கிறார்கள். பிள்ளையைப் போலீசிலும் ஆஸ்பத்திரியிலும் நிறுத்திக் கேள்வி கேட்க வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் பெரும் கொடுமை. உண்மையாகவே நடந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் புகார் கொடுங்கள்.

இடைக்கால மனு

முக்கிய மனுவோடு சேர்த்தே ஐ.ஏ. எனப்படும் இடைக்கால மனுவையும் போட்டுவிட வேண்டும். வழக்கு முடிய நாளாகும். அதுவரை பிள்ளை எங்கே இருக்கிறதோ, அங்கேயே வேர் பிடித்துவிடும், கடைசியில் கோர்ட்டும் அதைக் கலைக்கத் தயங்கும். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தற்காலிகக் கஸ்டடிக்கு வழி தருகிறது. பிள்ளை உங்களிடம் இல்லையென்றால் குறைந்தபட்சம் வாராவாரம் பார்க்கவும் தினமும் போனில் பேசவும் அனுமதி கேளுங்கள். பிள்ளையிடம் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடம் பேச வழி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. கூடவே, அனுமதியில்லாமல் பள்ளியை மாற்றக்கூடாது, கோர்ட் எல்லையை விட்டுப் பிள்ளையைக் கொண்டுபோகக்கூடாது என்ற தடையும் கேட்கலாம். ஜீவனாம்சமும் கேட்பதானால் இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்பதும் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் வந்ததுதான்.

கவுன்சலிங், சமரசம்

குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, முதலில் இணக்கத்துக்கு முயல வேண்டும் என்று நீதிபதிக்கே கடமை விதிக்கிறது. அதனால் கவுன்சலரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். இதை ஒரு சடங்காக நினைத்துப் போய் உட்கார்ந்துவிட்டு வருபவர்கள் நல்ல வாய்ப்பைத் தொலைக்கிறார்கள். சமரச மையத்தில் பேசுவது ரகசியம், அதை வைத்து வழக்கில் உங்களை மடக்க முடியாது. தீர்ப்பில் கிடைக்காத நுணுக்கமான ஏற்பாடுகளை இங்கேதான் பேசி வாங்க முடியும். பொங்கல் யாரிடம், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்கு யார் அழைத்துப் போவது, காது குத்து எங்கே, கோடை விடுமுறையில் எத்தனை நாள் என்றெல்லாம் பேசலாம். ஒன்று கவனம்: இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வாங்கும் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஒவ்வொரு வரியையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பிள்ளையிடம் நீதிபதி பேசும் நாள்

விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தைக் கோர்ட் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. இத்தனை வயது என்று கணக்கு இல்லை. பெற்றோரையும் வக்கீல்களையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நீதிபதி தன் அறையில் பிள்ளையோடு பேசுவார். "அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா" என்று எடுத்தவுடன் கேட்பது அரிது. எந்த மிஸ் பிடிக்கும், காலையில் என்ன சாப்பிட்டாய், யார் ஊட்டிவிட்டார், ராத்திரி பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்று போகும் பேச்சு.

சொல்லிக் கொடுத்து அழைத்துவந்த பிள்ளை அந்த அறையில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளை "எனக்கு மன உளைச்சல் தருகிறார்" என்று சொன்னால் அது யாருடைய வாசகம் என்று கேட்கவே வேண்டாம். ஒரு பெற்றோர் மற்றவருக்கு எதிராகப் பிள்ளையின் மனதைத் திருப்புவதை உச்ச நீதிமன்றம் 2017இல் கண்டித்திருக்கிறது. அப்படிச் செய்தவருக்கு அதுவே பாதகமாக முடியலாம். பிள்ளையிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஜட்ஜ் அங்கிள் கேட்பதற்கு உனக்குத் தோன்றியதைச் சொல், நீ என்ன சொன்னாலும் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்." அன்றைக்கு ஸ்வெட்டர், டிபன், விளையாட ஏதாவது ஒன்றும் எடுத்துப் போங்கள். காத்திருப்பு நீளும்.

சாட்சி விசாரணை

சமரசம் ஆகாவிட்டால் எதிருரை, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை என்று வழக்கமான பாதை. ஒரு தரப்பு கேட்டாலே மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்பது குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்ற கவலை இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்தாவைத் தவறவிடாதீர்கள், ஒருதலைப்பட்ச உத்தரவு வந்துவிட்டால் அதைத் திருப்புவது பெரும்பாடு.

உத்தரவில் மலையும் இருக்க வேண்டும்

பெரும்பாலும் ஒருவரிடம் கஸ்டடியும் மற்றவருக்குப் பார்க்கும் உரிமையும் தருவார்கள். உத்தரவு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிறகு நிம்மதியா, வாரம் ஒரு சண்டையா என்பது. "இரண்டாம், நான்காம் ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை" என்ற வரி கோயம்புத்தூருக்குப் பொருந்தும். கூடலூரில் இருக்கும் பிள்ளையை ஈரோட்டிலிருந்து பார்க்க வரும் அப்பாவுக்குப் பொருந்தாது. வக்கீலிடம் கீழ்க்கண்டவற்றைச் சொல்லி, வரைவு மனுவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒப்படைக்கும் இடம் எது? இரு தரப்புக்கும் நடுவில் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் வசதியாகத் தோன்றும். ஆனால் அது கோவை மாவட்டம். பிள்ளையைக் கோர்ட் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக்கூடாது என்ற தடை இருந்தால் இதற்குத் தனி அனுமதி உத்தரவில் இருக்க வேண்டும். வளைவுகளில் வாந்தி எடுக்கும் சின்னப் பிள்ளை என்றால், பிள்ளையை இறக்குவதைவிடப் பெரியவரை ஏறி வரச் சொல்வதே முறை. வருபவர் சொந்த வண்டியில் வந்தால், 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. மைசூர்ப் பக்கத்திலிருந்து வருபவருக்குப் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மாலை ஒப்படைக்கும் நேரத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

அப்புறம் மழை. கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரிப் பாதையில் அக்டோபர், நவம்பரில் எப்போது சாலை அடைபடும் என்று சொல்ல முடியாது. "மண்சரிவாலோ மாவட்ட நிர்வாகத்தின் தடையாலோ வர முடியாமல் போனால், அடுத்த ஞாயிறு அந்த நாள் ஈடு செய்யப்படும், வர முடியாமல் போன அன்று வீடியோ காலில் அரை மணி நேரம் பேச வைக்க வேண்டும்" என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிட்டால், "வேண்டுமென்றே அனுப்பவில்லை" என்ற சண்டை பாதி குறையும். லைன் வீட்டில் சிக்னல் கிடைக்காது என்றால், எந்த நேரத்தில் எந்த இடத்திலிருந்து கால் என்பதையும் எழுதிவிடுங்கள்.

உத்தரவை மதிக்காவிட்டால், மாற்ற வேண்டுமானால்

பிள்ளையைக் காட்ட மறுத்தால், கூப்பிட்டுச் சென்றவர் திருப்பி விடாவிட்டால், அதே கோர்ட்டில் நிறைவேற்று மனுப் போட வேண்டும். நீங்களாகப் பள்ளி வாசலில் நின்று பிள்ளையைத் தூக்கி வராதீர்கள். வழக்கு முழுக்க உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். பிள்ளையைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். ஆனால் விரிவான விசாரணை தேவைப்படும் கஸ்டடித் தகராறுகளைப் பாதுகாவலர் மனு வழியேதான் தீர்க்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டு அல்ல. பிள்ளை வளர்கிறது, அம்மாவுக்கு வேலை மாறுகிறது, அப்பா மறுமணம் செய்கிறார். சூழ்நிலை மாறிவிட்டது என்று காட்டினால் அதே கோர்ட் மாற்றித் தரலாம். குடும்ப நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பில் உடன்பாடு இல்லையென்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். இடைக்கால உத்தரவுக்கு அந்த மேல்முறையீடு கிடையாது, சீராய்வு மனுதான். தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஒரு நகலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.